பீரோவில் இருக்கும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்: பிட்காயினைப் பத்திரப்படுத்துவது எப்படி?

தண்டையார்பேட்டை மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி சரக்குக் கப்பலில் பொறியாளராகப் பணிபுரிகிறான். 2023ஆம் ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, தன் சேமிப்பில் ஒரு சிறு பகுதியைப் பிட்காயினாக மாற்றி வைத்திருப்பதாகச் சொல்லி, பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் எழுதிய காகிதம் ஒன்றை உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தான். "பீரோவில் வை, யாரிடமும் காட்டாதே" என்பதற்கு மேல் அவன் எதையும் விளக்கவில்லை. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. எங்கள் வீடு தரைத்தளம் என்பதால் உள்ளேயும் புகுந்து, பீரோவின் கீழ்த்தட்டு முழுவதும் நனைந்துவிட்டது. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு அந்த உறையும் ஈரமானது. காயவைத்து எடுத்த காகிதத்தில் பத்துச் சொற்களைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. மற்ற இரண்டில் முதல் எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. மீதி மை கரைந்து பரவிவிட்டது.

நான் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துபவள். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அடிப்படையே தெரியாது. அந்தக் காகிதம் உண்மையில் என்ன? அதுதான் பணமா, அல்லது பணம் வேறெங்கோ இருக்கிறதா? இரண்டு சொற்கள் அழிந்துவிட்டதால் எல்லாமே போய்விட்டதா? இதற்கிடையே எங்கள் வங்கிக் கிளையில் "டிஜிட்டல் ரூபாய்" என்று ஒன்றைப் பற்றிச் சொல்கிறார்கள்; அதுவும் இதுவும் ஒன்றுதானா என்பதும் விளங்கவில்லை. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "டிஜிட்டல் டாலர்" வாங்கித் தன்னிடம் கொடுத்தால் மாதந்தோறும் வருமானம் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அம்மாவும் அதைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றும் என் தலைக்குள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெரம்பூர் நிரலாளர் எழுதுகிறார்:

சகோதரி, எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட இங்கேயோ வேறு எந்தத் தளத்திலோ தட்டச்சு செய்ய வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு, அழிந்த சொற்களை மீட்டுத் தருவதாகச் சிலர் தனிச்செய்தி அனுப்பக்கூடும். மீதிப் பத்துச் சொற்களைக் கேட்கும் எவரும், எவ்வளவு பணிவாகப் பேசினாலும், திருட வந்தவரே.

இனி உங்கள் முதல் கேள்வி. பிட்காயின் அந்தக் காகிதத்தில் இல்லை. உங்கள் தம்பியின் கைப்பேசியிலும் இல்லை. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ சிலரோ 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்ட திட்டத்தின்படி, 2009 ஜனவரி 3 அன்று தொடங்கப்பட்ட ஒரு கணக்குப் பேரேடு இன்றுவரை தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. அதன் முழுப் பிரதி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு புதிய பக்கம் அதில் சேர்கிறது. எந்த முகவரியில் (வங்கிக் கணக்கு எண் போன்ற ஒன்று) எவ்வளவு இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு முகவரியிலிருந்து பணத்தை நகர்த்த மட்டும் அதற்குரிய இரகசியச் சாவி தேவை. கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்: அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் காசு போடலாம், ஆனால் சாவி உள்ளவர்தான் திறந்து எடுக்க முடியும். உங்கள் அம்மாவிடம் இருக்கும் பன்னிரண்டு சொற்கள் அந்தச் சாவியை மனிதர் எழுதிவைக்கக்கூடிய வடிவில் தருபவை. அவை யாரிடம் இருக்கின்றனவோ அவரால் பணத்தை எடுக்க முடியும். எடுத்தபின் புகார் செய்து திரும்பப் பெறுவதற்கு ஒரு தலைமை அலுவலகமோ வாடிக்கையாளர் சேவை எண்ணோ கிடையாது.

இரண்டு சொற்கள் அழிந்ததைக் கண்டு கலங்க வேண்டாம். சாவியை வைத்திருந்து பணத்தை அனுப்ப உதவும் செயலியை வாலட் என்பார்கள். பெரும்பாலான வாலட் செயலிகள் இந்தச் சொற்களை 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கின்றன. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காதபடி அமைத்திருக்கிறார்கள். ஆகவே அழிந்த சொற்களில் முதல் நான்கு எழுத்துகள் தெரிந்தாலே போதும், பட்டியலைப் பார்த்து முழுச் சொல்லையும் கண்டுகொள்ளலாம். இரண்டோ மூன்றோ எழுத்துகள்தான் தெரிகின்றன என்றாலும் பொருந்தக்கூடிய சொற்கள் வெகுவாகக் குறைந்துவிடும். நீங்கள் கணக்கு ஆசிரியை என்பதால் இதையும் சொல்கிறேன்: இரண்டு சொற்களும் முற்றிலும் தெரியாமல் போயிருந்தாலும் 2048 பெருக்கல் 2048, அதாவது சுமார் 42 லட்சம் சாத்தியங்கள்தான். கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புப் பகுதி இருப்பதால் அவற்றில் பதினாறில் ஒன்று மட்டுமே செல்லுபடியாகும். தம்பியின் பிட்காயின் முகவரி தெரிந்தால் ஒரு சாதாரணக் கணினியே மீதியைத் தேடி எடுத்துவிடும். ஆனால் இதை உங்கள் தம்பியே இணையத் தொடர்பு இல்லாத கணினியில் செய்ய வேண்டும். இதைவிட எளிய வழி, அவருடைய வாலட் இன்னும் திறக்கிறதா என்று கேட்பதுதான். திறக்கிறது என்றால், அந்தச் செயலியின் அமைப்புகள் பகுதியிலேயே பன்னிரண்டு சொற்களையும் மறுபடி பார்த்து எழுதிக்கொள்ள அநேகமாக வழி இருக்கும்.

அம்மா சொற்களைப் பிரதி எடுப்பதாக இருந்தால், ஆங்கில எழுத்திலேயே, வரிசை எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் ஒலிக்கேற்ப எழுதிவைத்தால், பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எந்த எழுத்துக்கூட்டல் என்ற ஐயம் வரும். வரிசை மாறினாலும் அது வேறு சாவியாகிவிடும். புகைப்படம், மின்னஞ்சல், வாட்ஸ்அப், கூகுள் டிரைவ் ஆகிய எதிலும் அது இருக்கக் கூடாது. கைப்பேசியில் எடுக்கும் படம் பல நேரம் தானாகவே இணையச் சேமிப்பில் ஏறிவிடுகிறது. படங்களில் உள்ள எழுத்தைப் படித்து இப்படிப்பட்ட சொற்களைத் தேடும் தீய செயலிகளும் இருக்கின்றன.

வெள்ளம் வரும் பகுதியில் காகிதம் மட்டும் போதாது என்பதை உங்கள் வீட்டுப் பீரோவே காட்டிவிட்டது. நம் ஊருக்குப் பொருந்தும் வழி ஒன்று உண்டு. பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் குடத்திலும் டப்பாவிலும் பெயர் வெட்டித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை ஒரு எவர்சில்வர் தகட்டில் வீட்டிலேயே செய்யலாம். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் ஆங்கில எழுத்துப் பஞ்ச் செட் கிடைக்கும். ஒவ்வொன்றும் விரல் நீள எஃகுத் துண்டு. முனையில் ஓர் எழுத்து புடைத்திருக்கும். தகட்டைக் கருங்கல்லின் மேலோ தடித்த இரும்பின் மேலோ வைத்து, பஞ்சைச் செங்குத்தாகப் பிடித்துச் சுத்தியலால் ஒரே அடியாக அடித்தால் எழுத்து ஆழமாகப் பதியும். இரண்டாம் முறை அடித்தால் நிழல் விழுந்து படிக்க முடியாமல் போகும். சொல்லுக்கு முதல் நான்கு எழுத்துகள் போதும் என்பதால் பன்னிரண்டு சொற்களுக்கு அதிகபட்சம் 48 எழுத்துகள்தான். அலுமினியத் தகடு வேண்டாம்; அது 660 டிகிரியிலேயே உருகிவிடும். எவர்சில்வருக்கு சுமார் 1400 டிகிரி தேவை. சாதாரண இரும்பு நம் கடற்காற்றில் சில ஆண்டுகளிலேயே துருவேறிவிடும். கடைக்காரரிடம் கொடுத்து வெட்டச் சொல்லவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

தொகை பெரியது என்றால் தம்பி ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்குவது நல்லது. பென்டிரைவ் அளவிலான அந்தக் கருவிக்குள்ளேயே சாவி உருவாகி, அங்கேயே தங்கிவிடும்; கைப்பேசியில் தீய செயலி இருந்தாலும் சாவி அதன் கண்ணில் படாது. அதைத் தயாரிப்பு நிறுவனத்திடமோ அதன் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ மட்டுமே வாங்க வேண்டும். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தால் அது மோசடிக் கருவி. சொற்களைக் கருவி உங்கள் கண்ணெதிரே புதிதாக உருவாக்கித் திரையில் காட்ட வேண்டும். அதோடு, உள்ளே பெருந்தொகை வைப்பதற்கு முன்பு கருவியை ஒருமுறை அழித்துவிட்டு, எழுதிவைத்த சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாத பிரதியை நான் பிரதியாகவே கருதமாட்டேன்.

ராயபுரம் ஓய்வூதியர் எழுதுகிறார்:

மகளே, வங்கியில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நீங்கள் கேட்ட மூன்றில் டிஜிட்டல் ரூபாயைப் பற்றி நான் விளக்குகிறேன்.

டிஜிட்டல் ரூபாய் என்பது இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் பணம். உங்கள் கையில் இருக்கும் நூறு ரூபாய்த் தாளுக்கு ரிசர்வ் வங்கி எப்படிப் பொறுப்போ, அப்படியே இதற்கும் அதுவே பொறுப்பு. 2022ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, டிஜிட்டல் வடிவில் உள்ளதையும் வங்கித்தாள் என்ற வரையறைக்குள் சேர்த்தார்கள். வங்கிகளுக்கிடையிலான பெருந்தொகைப் பரிவர்த்தனைகளுக்கான சோதனை அந்த ஆண்டு நவம்பர் 1 அன்றும், பொதுமக்களுக்கான சோதனை டிசம்பர் 1 அன்றும் தொடங்கின. வங்கி தரும் செயலியில் தாள்களுக்கும் நாணயங்களுக்கும் உள்ள அதே மதிப்புகளில் அது இருக்கும். கடையில் ஒட்டியிருக்கும் யூபிஐ கியூஆர் குறியீட்டுக்கும் செலுத்தலாம். வட்டி கிடையாது. மதிப்பு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கைப்பேசி தொலைந்தால் அணுகுவதற்கு ஒரு வங்கி இருக்கிறது. பன்னிரண்டு சொற்களைப் பாதுகாக்கும் பாரம் இதில் உங்கள் தலையில் விழாது.

பிட்காயினுக்கு இவற்றில் எதுவுமே பொருந்தாது. அதை வெளியிடும் அரசும் இல்லை, வங்கியும் இல்லை. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாகாது என்ற வரம்பு அதன் நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விலையோ சந்தை நிர்ணயிப்பது, ஓராண்டில் பாதியாகக் குறைந்ததும் உண்டு. இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றமல்ல. வங்கிகள் இந்தத் துறைக்குச் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. ஆனால் அது சட்டப்பூர்வச் செலாவணியும் அல்ல. வங்கி வைப்புத்தொகைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில், அதாவது பிட்காயின் போன்ற காயின்களை வாங்கவும் விற்கவும் உதவும் நிறுவனத்தில், வைத்த பணத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே சாவி அவர்களிடம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அவர்கள் தரவேண்டிய பாக்கி மட்டுமே. ஜப்பானின் மவுன்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014ஆம் ஆண்டு திவாலானது, எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் சரிந்தது, நம் நாட்டின் வாசிர்எக்ஸிலிருந்து 2024 ஜூலையில் ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. மூன்று நிகழ்விலும் வாடிக்கையாளர்கள் நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. வாங்குவதற்கும் விற்பதற்கும் எக்ஸ்சேஞ்ச் தேவைதான். மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் (எஃப்ஐயூ) பதிவு பெற்ற நிறுவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியையும் மறக்க வேண்டாம். 2022 ஏப்ரல் முதல், விற்று வரும் இலாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. அந்த ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். ஆகவே தம்பி எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கினார் என்ற இரசீதுகளை அச்சிட்டு வையுங்கள். சொற்களை மறைத்து வைக்க வேண்டும், இரசீதை மறைக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒரே உறையில் போடாமல் இருந்தால் சரி.

தகட்டை வங்கி லாக்கரில் வைப்பதானால் ஒரு விவரம். தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருளுக்கு இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடருக்குப் பொதுவாக அந்தப் பொறுப்பும் இல்லை. எனவே மேல் வரிசை லாக்கராகக் கேளுங்கள்.

காசிமேடு வலைக்கடை எழுதுகிறார்:

வாட்ஸ்அப் குழுவில் வரும் அந்த "டிஜிட்டல் டாலர்" பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் மீன் ஏலக் காசையும் மகளிர் குழுக் கடனையும் அதில் கொண்டுபோய்ப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

"டிஜிட்டல் டாலர்" என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் யூஎஸ்டிடிதான்; அது ஒரு தனியார் நிறுவனம் டாலர் மதிப்போடு இணைத்து வெளியிடும் காயின். அது அப்படியே கிடந்தால் ஒரு டாலர் ஒரு டாலராகத்தான் இருக்கும். அதை வாங்கிக் கொடுத்தால் மாதாமாதம் நிச்சய வருமானம் என்று ஒருவர் சொன்னால், அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் நடந்தது இப்படித்தான்: ப்ளே ஸ்டோரில் இல்லாத ஒரு செயலியை டெலிகிராம் வழியாக ஏற்றச் சொன்னார்கள். முதல் மாதம் திரையில் இலாபம் காட்டியது. இரண்டாயிரம் ரூபாய் எடுத்துப் பார்க்கவும் விட்டார்கள். அதை நம்பி நகையை அடகு வைத்துப் பெரிய தொகை போட்ட பிறகு, பணத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்ட வேண்டும் என்று மேலும் பணம் கேட்டார்கள். வரி என்பது அரசுக்குக் கட்டுவது, இலாபம் தருவதாகச் சொல்பவனிடம் முன்கூட்டிக் கட்டுவது அல்ல.

இன்னொரு வலையும் இருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும், அதற்கு யூஎஸ்டிடி வாங்கி அனுப்பினால் கமிஷன் என்பார்கள். அந்தப் பணம் வேறு எங்கோ ஏமாற்றப்பட்டவருடையதாக இருக்கும். காவல்துறை அந்தத் தடத்தைப் பிடித்து வரும்போது முடக்கப்படுவது உங்கள் கணக்கு. உங்கள் அம்மாவின் பெயரில் இருக்கும் கணக்கை யாருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம்.

யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். வங்கி வழியாகப் போன பணத்தைச் சில மணி நேரத்துக்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டிலேயே பேசாமல் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தண்டையார்பேட்டை மகள் மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் வந்த அழைப்பைப் பற்றி அம்மாவிடம் பேசிவிட்டேன், அதை அவர் விட்டுவிட்டார். ஆனால் பேச்சுவாக்கில் புதிய செய்தி ஒன்று வெளியே வந்தது. புயலுக்குப் பிறகு காகிதம் நைந்து போய்விடுமோ என்ற பயத்தில், அடுத்த வீட்டுத் தம்பியை அழைத்து அவருடைய கைப்பேசியில் அதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் நல்ல பிள்ளை, எங்கள் வீட்டில் வளர்ந்தவர் போலத்தான். அவரை வரவழைத்து அந்தப் படத்தை அழிக்கச் சொல்லிவிட்டால் போதுமா? மேலும், தகட்டை இரண்டாக வெட்டி ஆறு சொற்களை எங்கள் வீட்டிலும் ஆறு சொற்களைத் திருவொற்றியூரில் இருக்கும் சித்தி வீட்டிலும் வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார். தம்பிக்கு ஏதாவது நேர்ந்தால் இதற்கு யார் வாரிசு என்ற கேள்வியும் இருக்கிறது. அதைக் கேட்கவே மனம் வரவில்லை, ஆனாலும் கடலில் இருப்பவனைப் பற்றியது என்பதால் கேட்கிறேன்.

மண்ணடி வழக்குரைஞர் எழுதுகிறார்:

கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், வாசிர்எக்ஸ் தொடர்பான ஒரு வழக்கில் 2025 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், கிரிப்டோ சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்து என்றும், அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்கவும் அனுபவிக்கவும் முடியும் என்றும், பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்றும் கூறியிருக்கிறார். சொத்து என்றால் அதை உயிலில் எழுதலாம்; உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டப்படி உரியவர்களுக்குச் சேரும்.

ஆனால் உரிமை வேறு, கையில் எடுப்பது வேறு. நீதிமன்றம் ஒரு வங்கிக்கு ஆணையிட்டுப் பணத்தைக் கொடுக்கச் செய்யலாம்; தொலைந்துபோன சாவியை எந்த ஆணையாலும் வரவழைக்க முடியாது. வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் என்னிடம் வந்த குடும்பத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே தம்பி இரண்டு தாள்கள் எழுதட்டும். ஒன்று முறையான உயில், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன். அதில் பிட்காயின் யாருக்கு என்பது மட்டும் இருக்க வேண்டும், சொற்கள் ஒருபோதும் இருக்கக் கூடாது, ஏனென்றால் உயிலைப் பலர் படிப்பார்கள். மற்றது வீட்டாருக்கான எளிய குறிப்பு: எந்தச் செயலி, தகடு எங்கே, தனக்கு ஏதாவது ஆனால் யாரிடம் உதவி கேட்பது என்பவற்றைத் தமிழில் அம்மாவுக்குப் புரியும்படி எழுதியதாக இருக்க வேண்டும். அடுத்த விடுமுறையில் அவர் அருகில் இருக்கும்போதே, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் வாலட்டை மீட்டுப் பார்க்க வேண்டும். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே குறிப்பை அவர் திருத்தட்டும்.

வாட்ஸ்அப் திட்டத்தைப் பற்றி ஒரு வரி: அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டுவதற்கு எதிராக 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், முதலீட்டாளர்களைக் காக்க 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கின்றன. பணம் கட்டியவர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் புகார் அளிக்கலாம்.

பெரம்பூர் நிரலாளர் மீண்டும் எழுதுகிறார்:

சகோதரி, படத்தை அழிப்பது போதாது. அடுத்த வீட்டுத் தம்பி நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய கைப்பேசி எத்தனை பேர் கைக்குப் போயிருக்கிறது, படம் எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது, பழுதுபார்க்கக் கொடுத்தபோது யார் பார்த்தார்கள் என்பதை அவராலேயே சொல்ல முடியாது. வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுவது போல இந்தச் சொற்களை மாற்றவும் வழி கிடையாது. படத்தில் இரண்டு சொற்கள் மங்கலாக இருந்தாலும், எந்த எழுத்தும் தெரியாதபோதே தேடி எடுத்துவிடலாம் என்று மேலே கணக்குப் போட்டேன் அல்லவா, அது திருடனுக்கும் பொருந்தும். ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: புதிய வாலட், புதிய சொற்கள், பழையதிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவது. இதை உங்கள் தம்பி வரும்வரை தள்ளிவைக்க வேண்டாம். கப்பலில் இணையம் கிடைக்கும் நாளில் அவரே தன் கைப்பேசியில் செய்துவிடலாம். புதிய சொற்களை அவர் அங்கேயே எழுதிப் பூட்டி வைத்துக்கொண்டு, ஊருக்கு வந்தபின் தகட்டில் அடிக்கட்டும். உங்களுக்கு அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது.

மாற்றும்போது முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிட்காயின் சடோஷி எனப்படும் பத்துக் கோடிச் சிறு அலகுகளாகப் பிரிவதால் மிகச் சிறிய பகுதியையும் அனுப்ப முடியும். கட்டணம் அனுப்பும் தொகையின் அளவைப் பொறுத்தது அல்ல, அந்தப் பதிவு பிடிக்கும் இடத்தையும் அந்நேர நெரிசலையும் பொறுத்தது. நகலெடுத்து ஒட்டிய முகவரியை வேறொன்றாக மாற்றிவிடும் தீய செயலிகள் இருப்பதால், ஒட்டிய பிறகு முகவரியின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் மட்டுமல்ல, நடுவிலும் சிலவற்றை ஒப்பிட வேண்டும். சிறு தொகை போய்ச் சேர்ந்த பின் மீதியை அனுப்பலாம். அதன் மேல் ஆறு பக்கங்கள் எழுதப்படும்வரை, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம், காத்திருந்தால் போதும். தன் வாலட்டிலிருந்து தன் வாலட்டுக்கே மாற்றுவது விற்பனை ஆகாது. இருந்தாலும் எந்தத் தேதியில் மாற்றினார் என்பதை ராயபுரம் ஐயா சொன்ன இரசீதுகளோடு குறித்துவைக்கட்டும்.

தகட்டை இரண்டாக வெட்டும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். இரண்டு வீடுகளில் ஏதேனும் ஒன்றில் பகுதி தொலைந்தாலும் பணம் முழுவதும் போய்விடும். வெள்ளம் திருவொற்றியூருக்கும் வரும். ஆறு சொற்கள் ஒரு திருடன் கையில் கிடைத்தால், அவன் தேட வேண்டிய சாத்தியங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைவதில்லை, கோடி கோடி மடங்குக்கும் மேல் குறைகிறது. அதைவிட, பன்னிரண்டு சொற்களும் கொண்ட முழுத் தகடுகள் இரண்டை, ஒன்று லாக்கரிலும் மற்றது சித்தி வீட்டு மாடியிலும், பிரித்தால் தெரியும்படி ஒட்டிய உறையில் வைப்பது நல்லது. தொகை மிகப் பெரிதாகி, ஒரு தகடு கிடைத்தவர் எடுத்துவிடக் கூடாது என்று தம்பி நினைத்தால், மூன்று சாவிகளில் ஏதேனும் இரண்டு இருந்தால்தான் பணம் நகரும் என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. இப்போதைய நிலைக்கு அது அதிகம். அம்மாவுக்கு விளக்க முடியாத ஏற்பாட்டை வீட்டில் வைக்க வேண்டாம்.

எல்லாம் மாறிய பிறகும் பழைய காகிதத்தைக் கிழித்துவிட வேண்டாம். தம்பி முன்பு யாருக்காவது பழைய முகவரியைக் கொடுத்திருந்து, அவர்கள் பிறகு ஏதாவது அனுப்பினால், அதை எடுக்க அந்தச் சொற்களே வேண்டும். அது வந்து சேர்ந்தவுடன் புதிய வாலட்டுக்கு மாற்றிக்கொள்ளட்டும். காகிதத்தின் மேல் "பழையது, காலி" என்று தேதியோடு எழுதி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள்.